தூமா வங்கியின் மகள்

அத்தியாயம் 16

போன வாரம் முழுக்க அண்ணன் ஃபீலிப்பின் அழைப்புகளை எடுக்காமல் தட்டிக் கழித்த இல்ஹாம், இன்று காலை பெட்டியைக் கட்டி வாசலருகே நிறுத்திய பிறகுதான் போனை எடுத்தாள். கட்டிய பெட்டி கண்ணெதிரே இருந்தால் யாருக்குமே கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

"ஊருக்குக் கிளம்பறியாமே," என்றார் ஃபீலிப்.

"ஆமாண்ணா. மத்தியான ப்ளைட். பாரிஸ் போய், அங்கேர்ந்து லியோன்."

"போற வழியில பேங்குக்கு வந்துட்டுப் போ."

"பேங்குக்கா? நான் எதுக்கு?"

"நாலாவது மாடிக்கு வா. நேர்ல சொல்றேன். நஸ்ரியை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். அவர் என்றைக்குமே அப்படித்தான். கேட்பது போல இருக்கும், உத்தரவாக இருக்கும்.

இல்ஹாமுக்கு இன்றைக்கு வங்கியும் வேண்டாம், நாலாவது மாடியும் வேண்டாம். அவளுடைய ஒரே மகள் ரீம் லியோனில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். ரீமின் வயிற்றில் இருப்பது, இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. ரத்த அழுத்தம் இறங்க மாட்டேன் என்கிறது, நாளைக் காலை அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எஞ்சினியர். கப்பல் நடுக்கடலில் நிற்கிறது, அவன் என்ன நீந்தியா வருவான்?

"யாரும் வேணாம்மா. நீ மட்டும் வா, போதும்," என்று நேற்று ரீம் சொன்ன குரல் இல்ஹாமின் காதிலேயே நின்றது. கணவன் போய் ஆறேழு வருஷமாகத் தனியாகக் கிடக்கிறவள் இல்ஹாம். அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

வாசல் மணி அடித்தது. நஸ்ரி.

தம்பி நஸ்ரியை யாராலும் வெறுக்க முடியாது. ஐம்பது தாண்டியும் சின்னப் பையன் சிரிப்பு. ஜெனீவாவில் வீடு, ஜெனீவாவில் குடும்பம். வங்கி விற்பனை பற்றிப் பேச வந்தவன், இன்று அவள் ஏறுகிற அதே விமானத்தில் திரும்பிப் போகிறான். பாரிஸில் இறங்கி அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"என்னக்கா பெட்டி இந்தக் கனம் கனக்குது? பிரான்சுல சாப்பாடே கிடைக்காதா?"

"ஸாத்தர், லப்னே, கொஞ்சம் மெஃக்லி மாவு. புள்ள பொறந்தா மெஃக்லி காய்ச்ச வேணாமா? உனக்கு எங்க தெரியப்போகுது."

"எனக்குச் சாப்பிடத் தெரியும். அது போதும்," என்றபடி பெட்டியைத் தூக்கினான்.

வண்டி போகும்போது இல்ஹாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சிக்னல் விளக்குகள் செத்துப்போய் எத்தனையோ நாளாகிவிட்டது. சந்திப்பில் யார் குரல் பெரிதோ அவர் முதலில் போகிறார். தெருவில் இருந்த வங்கிகள் எல்லாம் நெற்றியிலிருந்து பாதம் வரை இரும்புத் தகடு அடித்துக்கொண்டு நின்றன. தகடு முழுக்கத் திட்டு. தூமா வங்கியின் தகட்டில் மற்றவற்றைவிட நல்ல கையெழுத்தில் 'திருடர்கள்' என்று எழுதியிருந்தது.

"என்னவாம் அவருக்கு?" என்றாள்.

"அண்ணன் வாயாலேயே கேட்டுக்கோக்கா. நான் நடுவுல வரலை," என்றான் நஸ்ரி.

*

தூமா வங்கியின் கதை ஊரறிந்தது. தாத்தா மிகாயில் லெபனான் மலைப்பக்கத்து ஸஹ்லேயிலிருந்து கோவேறு கழுதையில் இறங்கிவந்து, துறைமுகத்துக்கு எதிரே ஒரு மேசையும் தராசும் போட்டு, கப்பலில் வந்தவர்களுக்கு நாணயம் மாற்றிக் கொடுத்தார். மேசை கடையாயிற்று, கடை வங்கியாயிற்று. ஊரில் பெரிய வங்கி ஒன்று சாய்ந்த வருஷம், தூமா வங்கி வாசலிலும் ஜனம் முண்டியடித்தது. தாத்தா கதவைச் சாத்தவில்லை. தங்கக் காசுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிவைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஏலக்காய்க் காபி கொடுக்கச் சொன்னார். காபி குடித்த மனுஷன் எப்படிச் சண்டை போடுவான்? கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் வங்கிக் கட்டிடம் எரிந்தது. அப்பா ரஷீத் ஓர் அடுக்குமாடியின் அடித்தளத்தில், ஜெனரேட்டர் புகையில் இருமிக்கொண்டே வங்கியை நடத்தினார். சண்டை ஓய்ந்ததும் குவைத்காரர் ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கை விற்றுப் புதுக் கட்டிடம் எழுப்பினார். பத்து வருஷத்தில் அந்தப் பங்கையும் திரும்ப வாங்கிவிட்டார். "தூமா பேர் போட்ட கதவுக்கு தூமாதான் சாவி வச்சிருக்கணும்," என்பது அவர் வேதம்.

அப்பா கண்ணை மூடியபோது சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. சட்டம் கிடக்கட்டும். நாற்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு இல்ஹாம் தன் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கென்று நூற்றில் நாலு வைத்தார்கள், பெண் மனசு நோகக் கூடாதே என்று. அவளுடைய அத்தைகளும் அப்படித்தான் செய்தார்கள். கூடப்பிறந்தவன் நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்ப்பது என்பது அந்த வீட்டில் அவனை அறைவதற்குச் சமம். பெண்கள் படிக்க மாட்டார்கள், கையைத் துடைத்துக்கொண்டு போட்டுவிடுவார்கள்.

இத்தனைக்கும் இல்ஹாம் படிக்காதவள் இல்லை. பாதிரிமார் நடத்திய பல்கலைக்கழகத்தில் வணிகவியலில் முதலாவதாக வந்தவள். "அப்பா, எனக்கு ஒரு மேசை போடுங்க," என்று கேட்டாள். அப்பா வளையல் வாங்கிக் கொடுத்தார். மேசை ஃபீலிப்புக்குப் போனது. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

ஃபீலிப் என்ன செய்தார்? நல்ல வட்டி வருகிறதே என்று ஊரார் போட்ட பணத்தையெல்லாம் அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுத்தார். மற்ற வங்கிக்காரர்களும் அதையேதான் செய்தார்கள் என்பது அவருடைய சமாதானம். அரசாங்கம் கையை விரித்தது. மூன்று இலையுதிர் காலமாகப் பணம் போட்டவர்கள் வாசலில் நிற்கிறார்கள். இந்தத் தடவை யாரும் காபி கொடுக்கவில்லை.

*

வண்டி பின்பக்கச் சந்தில் நுழைந்து, தரைக்கடியில் இருந்த நிறுத்தத்துக்குள் இறங்கியது. லிப்ட் ஓடவில்லை. டீசல் இல்லையாம். நாலு மாடியும் நடந்து ஏறினார்கள்.

தலைவர் அறை இருட்டாக இருந்தது. ஜன்னலுக்கெல்லாம் வெளியே இரும்பு. ஒற்றை விளக்கின் கீழே ஃபீலிப் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பட்டை தளர்ந்து தொங்கியது. போன ஈஸ்டருக்குப் பார்த்ததற்கு ஆள் பாதியாகியிருந்தார். இல்ஹாமுக்குப் பாவமாக இருந்தது. என்ன இருந்தாலும் அண்ணன்.

"உக்காரு. ரீம் எப்படி இருக்கா?"

"நாளைக்கு ஆபரேஷன்."

"கடவுள் இருக்கார்." அவர் காகிதக் கோப்பு ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். "வாங்கறதுக்கு ஆள் வந்தாச்சு. துபாய்க்காரர். பேர் மாறக் கூடாதுங்கறார். நாற்காலியில ஒரு தூமா உக்காரணும். ஆனா கேஸ் கீஸ் எதுவும் இல்லாத தூமாவா இருக்கணுமாம்."

"அதுக்கு?"

"நீ சேர்மனா வா."

இல்ஹாமுக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகமாகிவிட்டது. நஸ்ரியைப் பார்த்தாள். அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா செஞ்ச தப்பை நான் சரி பண்றேன்னு வச்சுக்கோ," என்றார் ஃபீலிப். "நம்ம மூணு பேர்ல மூளை உனக்குத்தான் இருந்துது. அது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்."

இதைக் கேட்க அவள் முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். கேட்டதும் நெஞ்சு விம்மியது, பொய் சொல்வானேன். ஒரு கணம் அந்த மேசைக்குப் பின்னால் தன்னை உட்காரவைத்துப் பார்த்தாள். வாசலில் நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது போலக்கூட நினைத்துப் பார்த்தாள்.

ஃபீலிப் பேனாவை நீட்டினார்.

இல்ஹாம் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்ன பண்றே?"

"படிக்கறேண்ணா."

"நான் குடுத்ததைப் படிச்சுப் பார்க்கறியா?" ஃபீலிப்பின் முகம் சிவந்துபோயிற்று. "வெளியாள் மாதிரி?"

"ஆமா," என்று சொல்லிவிட்டு அவள் படித்தாள். அந்த வீட்டில் பிறந்த ஒரு பெண் இதைச் செய்து அவள் பார்த்ததில்லை.

கோப்பில் எல்லாம் சட்டப்படி சரியாகவே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. வங்கி விழுந்தால் தலைவருடைய சொந்தச் சொத்தும், இயக்குநர் போர்டில் இருக்கிறவர்களுடைய சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். ஃபீலிப்பின் வீடுகள் எல்லாம் மனைவி பேருக்குப் போய் வருஷமாகிவிட்டது என்று ஊரே பேசுகிறது. இல்ஹாமிடம் இருப்பது பல் டாக்டராக இருந்த கணவன் ஊரார் பல்லைப் பிடுங்கிச் சம்பாதித்த ஒரே ஒரு வீடு.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"போர்டுல இருக்கறவங்க யாரும் நாட்டைவிட்டுப் போகக் கூடாதுன்னு ஜட்ஜ் உத்தரவு போட்டிருக்காராமே. டிவில சொன்னாங்க."

"அது சும்மா கொஞ்ச நாளைக்கு."

"இதுல நான் கையெழுத்துப் போட்டா?"

ஃபீலிப் பேனாவை மூடினார், திறந்தார்.

"நாளைக்கு என் மகளுக்கு ஆபரேஷன்னு இப்பத்தானே சொன்னேன். கடவுள் இருக்கார்னு நீங்களும் சொன்னீங்க."

"இல்ஹாம், எனக்கு நெஞ்சுல ரெண்டு அடைப்பு. பாரிஸ்ல டாக்டர் வரச் சொல்றார். இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் நான் ஏர்போர்ட் வாசலைக்கூடத் தாண்ட முடியாது."

"அதான் என்னை உக்காத்தி வைக்கறீங்களா? நல்லா இருக்குண்ணா. மேசை கேட்டப்ப வளையல் குடுத்தீங்க. வீடு பத்தி எரியறப்ப சாவியைக் குடுக்கறீங்க."

"பேசிட்டியா? கேட்டுக்கோ. நீ போட்டாலும் போடாட்டியும் உனக்கு..."

"அண்ணா, விடுங்க," என்று நஸ்ரி சட்டென்று எழுந்தான். "அக்காவுக்கு ப்ளைட்டுக்கு நேரமாச்சு. அவ மாட்டேன்னா மாட்டேன். அவளை ஏன் போட்டுப் படுத்தறீங்க?"

ஃபீலிப் தம்பியை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் கோப்பை மூடிவிட்டார். தனக்காகப் பேச ஒருத்தனாவது இந்த வீட்டில் இருக்கிறானே என்று இல்ஹாமுக்கு மனசு இளகியது.

அப்போதுதான் கீழே சத்தம் பெரிதாயிற்று. இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். இத்தனை நேரம் முன்வாசலில் கேட்டது, இப்போது பின்னாலிருந்தும் வந்தது. காவலாள் மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"பின்சந்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க, முதலாளி. வண்டி உள்ள போனதை யாரோ பார்த்திருக்காங்க. குப்பைத்தொட்டியை உருட்டி வழியை அடைச்சுட்டாங்க."

"போலீஸுக்குச் சொல்லு," என்றான் நஸ்ரி.

"சொன்னேன். பெட்ரோல் இல்லையாம்."

*

பிறகு அந்த அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தது எவ்வளவு நேரம் என்று இல்ஹாமுக்குத் தெரியாது. கைப்பேசியில் மணி பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். காற்று வரவில்லை. அடி விழும்போதெல்லாம் சுவரில் அப்பாவின் படம் லேசாக அதிர்ந்தது.

"நான் தினமும் இப்படித்தான் இருக்கேன்," என்றார் ஃபீலிப், யாரையும் பார்க்காமல். "காலையில இருட்டோட வரேன். ஜனம் கலைஞ்சப்புறம் போறேன். என் சொந்த பேங்க்லேர்ந்து திருடன் மாதிரி போறேன்."

"வட்டி வந்தப்ப இனிச்சுதில்ல?" என்றாள் இல்ஹாம். சொன்னபின் வருத்தப்பட்டாள், ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ரீமிடமிருந்து செய்தி வந்தது. 'அம்மா, கிளம்பிட்டியா? தலை ரொம்ப வலிக்குது.'

இல்ஹாம் எழுந்துவிட்டாள். "நான் முன்வாசல் வழியாப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? கிழிச்சுடுவாங்க."

"கிழிக்கட்டும். நான் என்ன அவங்க பணத்தையா தின்னேன்? எனக்கென்ன பயம்?"

பெட்டி வண்டியிலேயே கிடக்கட்டும் என்று விட்டாள். பாஸ்போர்ட் கைப்பையில் இருந்தது. இறங்கும்போது பின்னால் காலடி கேட்டுத் திரும்பினாள். நஸ்ரி தன் கோட்டைக் கழற்றிவிட்டு, காவலாளின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் காலுறைக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

"என்னடா வேஷம் இது?"

"யாராவது கேட்டா நான் உன் டிரைவர்க்கா."

"டிரைவர் மூஞ்சியா இது? வாயை மட்டும் தெறக்காதே. உன் பிரெஞ்சைக் கேட்டா அடி நிச்சயம்."

இரும்புத் தகட்டில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு வெட்டியிருந்தார்கள். காவலாள் திறந்தான். வெயில் கண்ணைக் குத்தியது. சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி எழுந்தது. யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். கைப்பையின் வார் அறுந்தது.

"உள்ளேர்ந்து வரா. யாருடி நீ? பணம் வாங்கிட்டு வரியா? உங்களுக்கு மட்டும் உண்டா?"

"விடுங்க, நான் பார்க்கறேன்," என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் விலகியது. முன்னே வந்தவர் மிஸ் ஸுஆத். இல்ஹாமுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். கையில் ஒரு குழம்புச் சட்டி மூடியும் கரண்டியும். ஓய்வு பெற்றபோது வந்த தொகை முழுவதையும், தன் மாணவியின் குடும்ப வங்கியாயிற்றே என்று இங்கேதான் போட்டிருந்தார்.

"இல்ஹாம்," என்றார். "நீயும் தூமாதானே."

"மிஸ், எனக்கும் பேங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவங்க என்னை எதுலயும் சேர்த்துக்கிட்டதில்லை, உங்களுக்கே தெரியும். என் மகளுக்கு நாளைக்கு ஆபரேஷன். என்னை விடுங்க, நான் போகணும்."

"சத்தியமா?"

"ரீம் வயித்துல இருக்கற புள்ள மேல சத்தியமா, மிஸ்."

மிஸ் ஸுஆத் அவளையே பார்த்தார். அப்புறம் திரும்பி, வகுப்பில் பேசுகிற அதே குரலில், "இவ சும்மா வீட்டுப் பொண்ணு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. வழி விடுங்க," என்றார். நஸ்ரியைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார்.

"டிரைவர், மிஸ்."

நஸ்ரி தலையைக் குனிந்துகொண்டான். அவர்களுக்கு வழி கிடைத்தது.

*

ஷேர் டாக்ஸிக்காரன் இருவரையும் மட்டும் ஏற்றிக்கொண்டு நாலு பேர் கூலி கேட்டான். கொடுத்தார்கள். கடலோரச் சாலை வந்ததும் இல்ஹாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. நஸ்ரியும் சிரித்தான். சின்ன வயசில் அப்பாவுக்குத் தெரியாமல் சினிமாவுக்கு ஓடிய நாளெல்லாம் ஞாபகம் வந்தது.

"பெட்டி போச்சு. மெஃக்லி மாவு போச்சு," என்றாள்.

"லியோன்ல ரெண்டு தெருவுக்கு ஒரு லெபனான் கடைக்கா."

"படிச்சேன் பார்த்தியா? அண்ணன் மூஞ்சியைப் பார்த்தியா?"

"பார்த்தேன்," என்றான் நஸ்ரி. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பாஸ்போர்ட் கவுன்ட்டரில் நஸ்ரி முதலில் போனான். முத்திரை விழுந்தது. தரையில் போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான்.

இல்ஹாம் தன் பாஸ்போர்ட்டை நீட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் பெண் அதிகாரி திரையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "ஒரு நிமிஷம், மேடம்," என்று எழுந்து போனாள். வரும்போது கூடவே நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். மரியாதையான மனுஷர்.

"இல்ஹாம் ரஷீத் தூமா?"

"ஆமாங்க."

"தூமா வங்கியோட துணைத் தலைவர் நீங்கதானே?"

ஐம்பத்தேழு வயசில் முதல் முறையாக ஒருவர் அவளை அப்படிக் கேட்கிறார்.

"இல்லைங்க. அது என் அண்ணன் பார்க்கற பேங்க். எனக்கு அங்க ஒரு மேசைகூட இல்லை."

"போர்டுல உங்க பேர் இருக்கும்மா. இந்த வசந்தத்துலேர்ந்து. போர்டுல இருக்கற எல்லாருக்கும் வெளிநாடு போகத் தடை. இன்னிக்குக் காலையிலதான் எங்களுக்கு வந்துது." அவர் குரலைத் தாழ்த்தினார். "மன்னிக்கணும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வசந்தத்தில்தான் நஸ்ரி துணைத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தான். அவன் இடத்துக்கு யாரையோ போட்டாயிற்று என்று சொன்னார்கள். யாரை என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டுப் பெண்களுக்கு அதெல்லாம் எதற்கு?

அவள் நிமிர்ந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். காவலாள் சட்டையோடு நஸ்ரி நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயாலேயே கேட்க வேண்டும் போலிருந்தது.

"ஐயா, அவன் என் தம்பி. ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்," என்றாள். மீசைக்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

நஸ்ரி கோடு வரை வந்தான். "அக்கா, ஸஹ்லே தோட்டம் வித்தப்ப நீ எனக்குப் பவர் எழுதிக் குடுத்தல்ல..."

இல்ஹாமுக்கு ஞாபகம் இருந்தது. அடுப்பில் திராட்சை இலை வெந்துகொண்டிருந்தது. நோட்டரியின் ஆள் சமையலறை வாசலில் நின்றான். நஸ்ரி நீட்டினான், அவள் கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள்.

"தோட்டத்துக்குன்னுதானே சொன்ன?"

"தோட்டத்துக்கும்தான்."

"கும்தான்," என்று திருப்பிச் சொன்னாள் இல்ஹாம்.

"ஒரு இடம் காலியா இருக்கக் கூடாதுக்கா, சட்டம் அப்படி. அந்தப் பவரை வச்சு உன் பேரைப் போட்டேன், பேருக்கு மட்டும்தான். உங்கிட்ட சொல்லியாச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். லிஸ்ட் இங்க வந்து சேர நாளாகும், அதுக்குள்ள நீ போயிடுவேன்னு நெனச்சேன். நிஜமாக்கா."

அவனை அறைய வேண்டும் என்று கை துடித்தது. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் என்றும் இருந்தது. இன்றைக்கு அண்ணன் முகத்துக்கு நேரே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாளே, அந்தப் பெருமை அத்தனையும் வீண். கைவிலங்கு போட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஆனால் அறைய நேரமில்லை. பாரிஸ் விமானத்துக்கு ஏறச் சொல்லி அறிவிப்பு ஒலித்தது.

"ஜெனீவா டிக்கெட்டைக் கிழிச்சுப் போடு," என்றாள். "பாரிஸ்ல எறங்கினதும் லியோனுக்குப் போ. ஆஸ்பத்திரி பேரை அனுப்பறேன்."

"அக்கா, எனக்கு நாளைக்கு அங்க ஒரு முக்கியமான..."

"நாளைக்கு என் மகளை அறுக்கறாங்க, நஸ்ரி. வெளிய நிக்க ஒரு ஆள் வேணும். எனக்கு இப்ப உலகத்துல உன்னை விட்டா அனுப்ப ஆள் இல்லை. பாரு, எப்படிப்பட்ட நெலைமையில என்னை நிறுத்தியிருக்கேன்னு."

அவன் கண் கலங்கினான். நஸ்ரிக்குக் கண் சுலபமாகக் கலங்கும். "போறேன்கா. சத்தியமாப் போறேன்."

"சத்தியம் வேணாம். இன்னிக்குச் சத்தியமெல்லாம் நான் பண்ணி முடிச்சுட்டேன்."

அவன் தயங்கி, திரும்பி நடந்தான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அப்புறம் கூட்டத்தில் கலந்துவிட்டான். அவன் லியோனுக்குப் போவானா, ஜெனீவாவுக்கே போய்விடுவானா என்று அந்த முதுகைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

பையில் போன் அடித்தது. ரீம்.

"அம்மா, ஏறிட்டியா?"

"நஸ்ரி மாமா வராரு, கண்ணு. உங்கிட்டதான் வராரு."

"மாமாவா? நீ எங்கம்மா?"

இல்ஹாம் ஒரு நல்ல பொய்யைத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"அம்மாவால வர முடியலை. பேங்க்ல வேலை இருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் விட்டு விட்டுக் கூவுவது கேட்டது. ரீம் மூச்சு விடுவதும் கேட்டது.

"பேங்க்ல உனக்கு என்னம்மா வேலை?"

"நானும் ஒரு முதலாளியாம், கண்ணு," என்றாள் இல்ஹாம். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.